பாலம் மூடியிருந்தபோது வந்த அழைப்பு

1. குளியலறைத் தரை

மலர்விழி என்னை முதன்முதலில் அழைத்தபோது தன் வீட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது தெரியாது. தொலைபேசியில் மூச்சு வாங்கும் சத்தமும் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தமும் மட்டும் கேட்டன.

"மிஸ், மூச்சு விட முடியல. நெஞ்சு அடைக்குது. நான் சாகப் போறேனா?"

அது கொரோனா ஊரடங்கின் மூன்றாவது வாரம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த எங்கள் மனநல ஆலோசனை மையம் பூட்டிக் கிடந்தது. கவுன்சிலர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு கைப்பேசியோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். படுக்கையறையில் துணி மடித்து வைக்கும் மேசைதான் என் அலுவலகம். அதற்கு முன் இருபது ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் கவுன்சிலிங் ஆசிரியையாக இருந்தவள் நான். ஆளைப் பார்த்து வேலை செய்துதான் எனக்குப் பழக்கம். கண் எங்கே போகிறது, கை எதைப் பிசைகிறது, தோள் எப்போது இறங்குகிறது என்பதையெல்லாம் கவனித்துப் பேசியவளிடம் இப்போது குரலை மட்டும் கொடுத்து வேலை செய் என்றார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நாள்களில் கைப்பேசி அடித்தால் உடனே எடுக்க எனக்குத் தைரியம் வராது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். முதலில் கேள்வி கேட்க வேண்டும். ஆபத்து உடம்பிலா, மனத்திலா என்று தெரியாமல் ஆறுதல் சொல்லக் கூடாது.

"எங்க இருக்கீங்க இப்போ?"

"பாத்ரூம்ல."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல மிஸ்."

"மாசமா இருக்கீங்களா?"

"ரெண்டு மாசம்."

"ரத்தம் ஏதாவது போகுதா? வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"இந்த மாதிரி முன்ன வந்திருக்கா?"

"வந்திருக்கு. போன வருஷம் ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்து பார்த்துட்டு, இருதயம் நல்லாதான் இருக்கு, இது பேனிக் அட்டாக்னு சொன்னாங்க."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. உள்ளங்காலைத் தரையில் பதித்து வைக்கச் சொன்னேன். சில்லென்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். டைல்ஸ் என்ன நிறம் என்று கேட்டேன். நீலம், ஓரத்தில் உடைந்திருக்கிறது என்றார். எந்த ஓரம், எத்தனை கல் உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பயத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் மனத்தைக் கையைப் பிடித்து இந்த அறைக்குத் திரும்ப அழைத்து வருவதுதான் இதில் உள்ள வேலை. நாங்கள் இதை கிரவுண்டிங் என்போம்.

பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும். திடீரென்று, "மிஸ், பைப்ப மூடணும். தண்ணி வீணா போகுது" என்றார்.

ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

மலர்விழி அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுத அனுமதி கேட்டபோது, "தாராளமா எழுதுங்க மிஸ். பேர மட்டும் மாத்திடுங்க. மாத்துறதுதான் மாத்துறீங்க, நல்ல பேரா வைங்க லா, என் பேரு எனக்கே பிடிக்காது" என்று சிரித்தார்.

2. நான் சொன்ன பொய்

அவருடைய கணவர் சேகர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தினமும் விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து போய் இரவு வீடு திரும்புவார். ஜொகூரில் இப்படி வாழும் குடும்பங்கள் எத்தனையோ. எல்லையை மூடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், வேலை போய்விடக் கூடாதே என்று ஒரு பையில் நாலு சட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். "ரெண்டு வாரம்தான், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் மலர்விழி கர்ப்பம் என்பதே தெரிந்தது.

அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை ஏழாவது மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அப்போது சேகர் பக்கத்தில் இருந்தார். இப்போது இல்லை. மலர்விழியின் அம்மா வேறு மாவட்டத்தில், பாலோவில். மாவட்டம் விட்டு மாவட்டம் போக போலீஸ் விடாத காலம் அது. தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் ஒரு தரைவீட்டில் மலர்விழி தனியாக இருந்தார்.

ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்குப் பேசுவது என்று முடிவு செய்தோம். பேச்சின் முடிவில் அவர் தவறாமல் கேட்பது ஒரே கேள்வி.

"பாலம் எப்ப திறக்கும் மிஸ்?"

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள், அழுதுகொண்டே கேட்டார். நான், "ஏழாவது மாசத்துக்குள்ள திறந்துடுவாங்க மலர். சேகர் வந்துடுவாரு, பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

எந்த அமைச்சரும் எனக்குச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அன்று அவர் நிம்மதியாகக் கைப்பேசியை வைத்தார். எனக்கும் அன்று முழுக்க மனம் லேசாக இருந்தது.

ஏழாவது மாதம் வந்தது. பாலம் திறக்கவில்லை. விண்ணப்பம் போட்டு வந்து போக ஒரு வழி செய்திருந்தார்கள். ஆனால் வந்தால் இங்கே சில நாள் தனிமைப்படுத்தல், திரும்பினால் அங்கே சில நாள் தனிமைப்படுத்தல். அத்தனை நாள் விடுப்புக் கேட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சேகரிடம் முதலாளி சொல்லிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை மலர்விழி எடுக்கவில்லை. அதற்கடுத்த புதனும் எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. "நீங்களும் மத்தவங்க மாதிரிதான் மிஸ்."

எங்கள் துறையில் கவுன்சிலருக்கும் ஒரு கவுன்சிலர் உண்டு. மேற்பார்வையாளர் என்போம். எனக்கு மிஸஸ் டான். ஜொகூர் பாருவில் இருக்கும் சீன அம்மையார். கணினித் திரையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வாக்குறுதி யாருக்குத் தேவைப்பட்டது?"

என் மகள் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி. தொற்று வார்டில் போட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அவளைப் பார்க்கவில்லை. அவள் குரல் கம்மியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பாலம் திறந்துவிடும் என்று அன்று நான் மலர்விழியிடம் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஸஸ் டான் முன்னால் அழுதேன். அவர் என் அழுகையை நிறுத்த முயலவில்லை. அதுவே பெரிய உதவியாக இருந்தது.

மறுநாள் மலர்விழியை அழைத்தேன். எடுத்தார்.

"மலர், பாலம் திறக்கும்னு நான் சொன்னது தப்பு. எனக்கு தெரியாத விஷயத்த தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க. இனிமே தெரியாததுக்கு தெரியாதுன்னுதான் சொல்வேன்."

"என்கிட்ட யாரும் இப்படி மன்னிப்பு கேட்டதில்ல மிஸ்" என்றார். அதன் பிறகுதான் அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

"சில நேரம், தூங்கினா எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

இந்த இடத்தில் பேச்சை மாற்றத் தோன்றும். மாற்றக் கூடாது. நேராகக் கேட்டேன்.

"உயிர விட்டுடணும்னு நினைக்கிறீங்களா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்ல மிஸ். அப்படி இல்ல. களைச்சு போச்சு, அவ்ளோதான்."

"நான் கேட்டது சங்கடமா இருந்துச்சா?"

"இல்ல. யாராவது கேட்டாங்களேன்னு இருக்கு."

3. பத்து

அன்றே இருவரும் சேர்ந்து ஒரு சேஃப்டி பிளான் எழுதினோம். நான் கேட்கக் கேட்க அவர் எழுதினார். அந்த எண்ணம் வந்தால் முதலில் என்ன செய்வது, யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், எந்த ஆஸ்பத்திரி, யாருடைய கார். முதல் பெயர் பக்கத்து வீட்டு கக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா. மலாய்க்காரர், பள்ளி கேன்டீன் நடத்துபவர், பள்ளி மூடியிருந்ததால் வீட்டில் இருந்தார். கக் ரோஸிடம் போய்ச் சொல்ல மலர்விழிக்கு வெட்கம். "என்னன்னு சொல்றது மிஸ்?" என்றார். "பயமா இருக்கு, கூப்பிட்டா வருவீங்களான்னு மட்டும் கேளுங்க" என்றேன். கேட்டிருக்கிறார். கக் ரோஸ் வீட்டுக்குள் போய், தன் கார் சாவியின் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து மலர்விழி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனாராம். "எனக்கு ஓட்டவே தெரியாது மிஸ், எதுக்கு குடுத்தாங்கன்னு தெரியல" என்றார் மலர்விழி. எனக்குத் தெரிந்தது.

அரசு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு கிக் சார்ட் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். காலையிலிருந்து பிள்ளை எத்தனை முறை உதைக்கிறது என்று எண்ணிக் கட்டத்தில் குறிக்க வேண்டும். பத்து ஆனதும் நிறுத்திவிடலாம். மலர்விழி நிறுத்தவில்லை. நாள் முழுக்க எண்ணினார். ஐம்பது, அறுபது என்று போனது. எண்ணுவதை விட்டால் பிள்ளை நின்றுவிடுமோ என்ற பயம். சமைக்கவில்லை, குளிக்கவில்லை.

எண்ணாதீர்கள் என்று சொல்லி இருந்தால் அவரை இரண்டாவது முறையாக இழந்திருப்பேன். "பத்து ஆனதும் யார்கிட்டயாவது சொல்லிட்டு தாள மூடி வைக்க முடியுமா?" என்று கேட்டேன். யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். மறுநாளிலிருந்து, பத்தாவது உதை வந்ததும் சேகருக்கு ஒரே ஒரு சொல்லை அனுப்பினார். "பத்து."

இது என்ன ஆனது என்று சில வாரம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். சேகர் கிடங்கில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். செய்தி வந்ததும் ஃபோர்க்லிஃப்ட்டின் ஹார்னை ஒரு தரம் அடிப்பாராம். கூட வேலை பார்த்த வங்காளதேசத்துத் தோழர்கள், அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள், கைத்தட்டுவார்களாம். அதட்டிக்கொண்டே இருக்கும் சீன சூப்பர்வைசர் பதினொரு மணிக்கு மேல் ஆனால் தானாக வந்து, "பத்து வந்துச்சா?" என்று தமிழிலேயே கேட்பாராம். எல்லை மூடிய இரண்டு நாடுகளுக்கு நடுவில், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காக ஒரு கிடங்கே காத்திருந்தது. நான் போட்ட திட்டத்தில் இதெல்லாம் இல்லை.

4. பக்கத்துக் கட்டில்

ஒன்பதாவது மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், புதன்கிழமை அல்லாத நாள், நண்பகலில் அழைத்தார். குரல் மெல்லியதாக இருந்தது.

"மிஸ், இன்னிக்கு நாலுதான். எப்பவும் இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

ஒன்றும் ஆகாது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்கு போங்க மலர். காத்திருக்க வேணாம். கக் ரோஸ கூப்பிடுங்க. லைன வைக்காதீங்க, நான் இருக்கேன்."

சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. கக் ரோஸ், "அலமாக்!" என்று மலாயில் பதறிக் கத்துவதும், செருப்புச் சத்தமும், கார் கிளம்புவதும் கேட்டன. ரோட்பிளாக் தடுப்பில் போலீஸ்காரர்களிடம் கக் ரோஸ் ஒரே மூச்சில் ஏதோ சொல்ல, அவர்கள் வழிவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் கக் ரோஸை நிறுத்திவிட்டார்கள். அந்த நாள்களில் உடன் யாரையும் உள்ளே விடுவதில்லை. மலர்விழி மட்டும் பையோடு உள்ளே போனார்.

பரிசோதனை முடிந்து, வயிற்றில் பெல்ட் கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பைக் காட்டும் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். துடிப்பு இருந்தது. ஆனால் டாக்டருக்குத் திருப்தி இல்லை, அறுவைக்குத் தயார்படுத்துகிறோம் என்றார். அந்த இடைவெளியில் மலர்விழி மறுபடி என்னை அழைத்தார். இயந்திரத்தின் டக் டக் சத்தம் எனக்கும் கேட்டது.

"மிஸ், பேசாதீங்க. சும்மா இருங்க. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்."

சும்மா இருந்தேன். முப்பது ஆண்டு வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்த வேலை அதுதான்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கம் வேறொரு பெண் விம்மும் சத்தம். பக்கத்துக் கட்டில். சின்னக் குரல், மலாயில். மூச்சு விட முடியவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று திணறியது. தாதிகள் எல்லாரும் வேறு யாரிடமோ ஓடியிருந்தார்கள் போலும். மலர்விழியின் மூச்சும் வேகமாவதைக் கேட்டேன். பயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் என்பது எனக்குத் தெரியும். இப்போது தலையிட வேண்டுமா என்று நினைத்தேன்.

அதற்குள் மலர்விழி பேசினார். என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம்.

"தாக்குட் தாக் அப்பா, டிக். சாயா புன் தாக்குட்."

பயந்தால் பரவாயில்லை தங்கை, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பிறகு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். கம்பி என்ன நிறம், பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண் விக்கி விக்கிப் பதில் சொல்வது கேட்டது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டபோது, மலர்விழி, எனக்குத் தெரியாது, ஆனால் டாக்டர் வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன் என்றார்.

தன் பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் படுத்திருக்கும் பெண் சொன்ன சொல் அது. அவரிடம் அப்படிச் சொல்ல நான் கற்றுக்கொள்ள ஒரு தவறும் ஒரு மன்னிப்பும் தேவைப்பட்டன. கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, துணி மேசைமேல் தலையை வைத்துக்கொண்டேன். கோயிலில் கூட எனக்கு அப்படி ஒரு நிலை வந்ததில்லை.

பக்கத்துக் கட்டிலின் மூச்சு அடங்கியது. கட்டில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. மலர்விழி, "மிஸ், கூப்பிடுறாங்க" என்றார். லைன் துண்டிக்கப்பட்டது.

மாலை தேநீர் ஆறிப் போய் மேசையில் இருந்தபோது சிங்கப்பூர் எண்ணிலிருந்து அழைப்பு. அவசரத்துக்கு அழைக்கும் பட்டியலில் சேகரும் நானும் இருந்ததால் எண்கள் இருவரிடமும் இருந்தன.

"மிஸ், பொண்ணு. அழுவுறா. வீடியோவுல காட்டினாங்க. நல்லா அழுவுறா மிஸ்!"

அவர் பின்னால் நிற்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

5. அடுத்தவர்

பாலம் முழுவதும் திறந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை வயது. என் மகளும் வந்தாள். மூன்று நாள் தூங்கினாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மையத்தையும் திறந்திருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, மூன்று பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். நடுவில் ஒரு குள்ளமான பெண், என் தோள் உயரம்கூட இல்லை. "மிஸ்" என்றதும்தான் யார் என்று தெரிந்தது. அத்தனை மாதம் பேசியும் அன்றுதான் நேரில் பார்க்கிறோம். அந்தக் குரலுக்கு நான் பெரிய உருவம் ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

பிள்ளை அப்பாவின் கைக்குப் போக மறுத்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. சேகர் அதைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. மலர்விழி என்னைப் பார்த்தார்.

"மிஸ், இன்னிக்கு எனக்காக வரல. ரெண்டு வருஷமா எனக்கு தைரியம் சொன்னது இவருதான். எல்லாம் சரியா போயிடும்னு தினமும் சொல்வாரு. இப்ப வீட்டுக்கு வந்த பிறகு தூங்க மாட்றாரு. சத்தம் கேட்டா எழுந்து உட்கார்ந்துக்கறாரு. கேட்டா ஒன்னுமில்லன்னு சொல்றாரு."

"ஒன்னுமில்ல லா" என்றார் சேகர்.

"ஒன்னுமில்லன்னு மிஸ்கிட்ட சொல்லுங்க" என்று மலர்விழி அவரைக் கதவருகே தள்ளினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் இங்கதான் இருப்பேன்."

சேகர் உள்ளே வந்து உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அங்க ஒரு ரூம்ல எட்டு பேரு மிஸ். அழறதுக்குகூட இடம் இல்ல" என்றார். அதன் பிறகு அழுதார். நான் குறுக்கே பேசவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் இருங்கள். மிகப் பயங்கரமானதை நேராகக் கேளுங்கள். தவறு செய்தால் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயத்தை வேறு ஒருவரிடம் கொண்டுபோய் இறக்கி வையுங்கள், வந்தவர் தலையில் வைக்காதீர்கள். பயந்துபோன ஒரு மனிதருக்கு நாளை என்ன நடக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. நாளைக்கும் தன்னோடு ஓர் ஆள் உண்டு என்று அவர் நம்பிவிட்டால், மீதியை அவரே செய்துகொள்கிறார். எவ்வளவு செய்துகொள்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்த வியப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.